ஒன்பது மணி ஹாரன் வரை

ராசப்பன் ஐந்தரைக்கு எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினான். கொல்லைக் கிணற்றில் இரண்டு குடம் தண்ணீர் சேந்தி ஒன்றில் குளித்தான். மற்றதை உள்ளே கொண்டுபோய் வைத்தான். அடுப்பைப் பற்றவைத்துக் காப்பித் தண்ணீர் கொதிக்கவிட்டான். கருப்பட்டி தீர்ந்து மூன்று நாளாகிறது. இல்லாமலே குடித்தான். நேற்றைய சோற்றில் மோரை ஊற்றி உப்புப் போட்டு, ஒரு பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டான். கும்பாவைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டை போட்டான். மேசை மேலிருந்த பழுப்பு உறையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினான். பேனாவை நகத்தில் கீறி மை வருகிறதா என்று பார்த்தான். ஆறே முக்காலுக்குக் கதவைப் பூட்டினான்.

பெண்டாட்டி செல்லாயி செத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. காரியம் முடிந்தும் ஒரு மாதம் அம்மா கூட இருந்தாள். பிறகு ஜேடர்பாளையத்தில் கரும்பு வெட்டு வந்துவிட்டது, போய்விட்டாள். போகும்போது, வைகாசிக்குள் ஒரு பெண்ணைப் பார்த்துவிடலாம், இருபத்தாறு வயசெல்லாம் ஒரு வயசா என்று சொன்னாள். ராசப்பன் அவளுடைய மூட்டையை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தான்.

நாமக்கல் கோட்டை ரோட்டில் ஒரு பஞ்சுக் கிடங்கு உண்டு. உலகச் சண்டை வந்த பிறகு பஞ்சு வரத்துக் குறைந்து மாடி காலியாகக் கிடந்தது. அதை வாடகைக்குப் பிடித்தவர் மாதையன். ஐம்பது வயது. சோப்புக் காய்ச்சுகிறவர். சோடாக் காரம் கிடைக்கவில்லை, தேங்காயெண்ணெய் கிடைக்கவில்லை, எதற்கெடுத்தாலும் பர்மிட். பர்மிட்டுக்கு மனு, மனுவுக்கு ஒரு ஞாபகக் கடிதம். எழுத வேண்டிய கடிதங்கள் இரண்டு மாதமாகக் குவிந்து கிடந்தன. வீட்டில் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் எழுந்துவிடுவார். கடையில் உட்கார்ந்தால் யாராவது பேச வந்துவிடுவார்கள். ஒருநாள் ஏதோ வேலையாகப் பத்திரப்பதிவு ஆபீசுக்குப் போனவர், அங்கே மரத்தடியில் பத்திரம் எழுதுகிறவர்கள் வரிசையாகக் குனிந்து எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். வரிசையின் கடைசியில் தானும் உட்கார்ந்தார். மத்தியானத்துக்குள் பதினோரு கடிதம் முடிந்துவிட்டது. யாரும் அவரிடம் பேசவில்லை, அவரும் யாரிடமும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம், இத்தனை நாளாக நோய் எனக்கில்லை, உட்கார்ந்த இடத்துக்குத்தான் என்றாராம்.

அப்படி ஆரம்பித்ததுதான் இந்த மாடி. காலை ஏழு மணிக்கு ஏறவேண்டும். ஏறியதும் ஒவ்வொருவரும் இன்றைக்குத் தனக்கு என்ன வேலை என்று ஒரே வரியில் சொல்ல வேண்டும். பிறகு வாய் திறக்கக் கூடாது. சேலம் போகிற கரி பஸ் ஒன்பது மணிக்கு ஸ்டாண்டை விட்டுக் கிளம்பும்போது நீளமாக ஒரு ஹாரன் அடிக்கும். அதுவரைக்கும். ஹாரன் அடித்ததும், சொன்ன வேலை முடிந்ததா இல்லையா என்று மறுபடி ஒரு வரி. நடுவில் பேசினவர் ஏழு நாள் படியேறக் கூடாது.

அந்த பஸ்ஸே மாடிக்கு வருகிற ஒருவருடையதுதான். சின்னண்ணன் என்று பெயர். பெட்ரோல் கண்ட்ரோல் வந்த உடனே பஸ்ஸின் முதுகில் கரியடுப்பைக் கட்டி ஓட்டியவர். இரண்டாவது பஸ்ஸுக்கு லைசென்சு கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். ஒருநாள் மைக்கூடு கவிழ்ந்து மனு முழுவதும் நீலமாகிவிட, பஸ் ஸ்டாண்டில் பேசுகிற பாஷையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். வார்த்தை ஒன்றுதான். ஏழு நாள் வெளியே. அந்த ஏழு நாளும் ஒன்பது மணி ஹாரன் ஒன்பதே காலுக்குத்தான் அடித்தது. மாதையன் கேட்டதற்கு, கரி ஈரமாக இருந்தது என்று சொல்லிவிட்டார்.

மூன்றாவது ஆள் அங்கமுத்து. ஊருக்கு மேற்கே ஓட்டுச் சூளை போட்டிருந்தார். பட்டறையில் நாள் முழுதும் கத்துகிற மனிதர்; மாடிக்கு வந்தால் பேப்பரில் ஓட்டு அச்சு வரைவார். மூச்சுவிடுவதுகூடக் கேட்காது.

ராசப்பனை மாதையன்தான் கூட்டி வந்தார். திருச்சியில் பி.ஏ. படித்த பையன், சண்டையால் மலேயா ஜவ்வரிசி நின்றுபோனதும் நம்மூர் மரவள்ளிக் கிழங்கிலேயே அதைச் செய்யலாம் என்று கிளம்பியவன், பெண்டாட்டி செத்ததிலிருந்து வீட்டுக்குள்ளேயே கிடக்கிறான் என்று கேள்விப்பட்டு ஒருநாள் நேரே வந்துவிட்டார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.

“ஒத்தை மாடு ஏரிழுக்காதுங்க தம்பி. அதுக்குப் பலமில்லாம இல்லை. பக்கத்துல இன்னொண்ணு நடந்தாத்தான் அதுக்கு நடக்கத் தோணும். நாளைக்கு ஏழு மணிக்கு வந்து சும்மா உக்காருங்க.”

ராசப்பன் போனான். போனதற்குக் காரணம் கக்கத்திலிருந்த உறை.

வறுக்கும் தட்டுகள் செய்ய இரும்புத் தகடு வேண்டும். தகடு கண்ட்ரோலில் இருந்தது. சேலத்து ஆபீசுக்கு ஐப்பசியிலேயே மனு எழுதிப் போட்டிருந்தான். செல்லாயி செத்த ஐந்தாவது வாரம் பதில் வந்தது. ஐந்து கேள்வி கேட்டிருந்தார்கள். இடம் எது, கிழங்கு எங்கிருந்து வரும், எத்தனை ஆள், தட்டின் அளவு என்ன என்று நான்கு. செய்முறை என்ன, எத்தனை மாவுக்கு எத்தனை தண்ணீர் என்று ஒன்று. மாசி மாதக் கடைசி வெள்ளிக்கிழமைத் தபாலுக்குள் பதில் அனுப்பாவிட்டால் மனு தள்ளுபடி. தகடு இல்லாவிட்டால் ஜவ்வரிசி இல்லை. கல்யாணமான இரண்டு வருஷமும் அவனும் செல்லாயியும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

மாடிக்கு வந்த மூன்று வாரத்தில் நான்கு கேள்விக்குப் பதில் எழுதிவிட்டான். வீட்டில் இரண்டு மாதமாக ஒரு வரி ஓடவில்லை, இங்கே ஓடியது. ஏனென்று அவனுக்குத் தெரியும். எதிரே அங்கமுத்து பென்சில் சீவுகிற சத்தம், மாதையன் தாளைத் திருப்புகிற சத்தம், சின்னண்ணன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். ஆள் இருக்கிற அமைதி வேறு. வீட்டில் அவன் எழுதிக்கொண்டிருந்த நாட்களில் அறையின் அந்தப் பக்கம் செல்லாயி மாவு சலிப்பாள். பேசமாட்டாள். பேசக்கூடாது என்று அவன்தான் சொல்லியிருந்தான். கல்லூரி விடுதியில் படிக்கிற நேரத்தில் யாராவது அறைக்குள் வந்தால் தலை நிமிராமல் இடது கையைத் தூக்கிக் காட்டுவது அவன் வழக்கம். அதையே வீட்டுக்கும் கொண்டுவந்தான். கை உயர்ந்தால் அவள் நின்றுவிடுவாள். அவன் அவளைப் பார்த்ததில்லை. சல்லடை ஓடுகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டே எழுதினான். இப்போது அந்த வீட்டில் உட்கார்ந்தால் நான்கு நிமிஷத்தில் எழுந்து கொல்லைப்பக்கம் போய் நின்றுவிடுகிறான். அங்கே போய் என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

மிச்சமிருந்தது தண்ணீர்க் கணக்கு. அது அவனிடம் இல்லை. மாவில் தண்ணீர் தெளிப்பது செல்லாயியின் கை. கூடினால் களியாகிவிடும், குறைந்தால் பொடியாகப் பறக்கும். தெளித்த மாவை வேட்டியில் போட்டு இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்துக்கொண்டு தொட்டில் ஆட்டுவதுபோல் ஆட்ட வேண்டும். மாவு உருண்டு உருண்டு மணியாகும். அவனுடைய நோட்டில் எல்லாம் இருந்தது: நாள், மாவு எத்தனை படி, வறுத்த நேரம். தண்ணீர் என்ற இடத்தில் ஒவ்வொரு நாளும் ‘தேவையான அளவு’ என்று எழுதி வைத்திருந்தான். பி.ஏ. படித்தவன்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, “அஞ்சாங் கேள்விக்குப் பதில்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். திங்களும் செவ்வாயும் அதையேதான் சொன்னான். இரண்டு நாளும் ஹாரன் அடித்தபோது “முடியலை” என்றான். அதற்கும் விதி இருந்தது. முடியாததற்குக் காரணம் கேட்கக்கூடாது.

எட்டு மணி இருக்கும். படியில் கொலுசுச் சத்தம் ஏறிவந்தது. அங்கமுத்துவின் பெண்டாட்டி பெருமாயி வந்து கதவருகில் நின்றாள். சூளையிலிருந்து நேரே வந்திருக்கிறாள், முழங்கை வரைக்கும் செம்மண். ஒருத்தரும் நிமிரவில்லை. அவள் தொண்டையைச் செருமினாள். அங்கமுத்து ஓட்டு அச்சில் ஒரு வளைவைப் போட்டுக்கொண்டிருந்தார். பென்சிலை எடுக்காமல், தலையைத் திருப்பாமல், இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

பெருமாயி நின்றாள். கையைப் பார்த்தாள். சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்தாள். அப்புறம் ஒன்றும் பேசாமல் திரும்பி ஒரு படி இறங்கினாள்.

ராசப்பன் எழுந்துவிட்டான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“போகாதீங்க. வந்ததைச் சொல்லிட்டுப் போங்க.”

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். பெருமாயி படியிலேயே நின்று திருதிருவென்று விழித்தாள். ராசப்பன் கதவுக்கு வந்துவிட்டான். குரல் அவனுடையதாக இல்லை.

“என்னன்னு சொல்லுங்க. ஏதாச்சும் கடிச்சுதா? ஒடம்புக்கு என்ன?”

“ஐயோ, அதெல்லாம் இல்லீங்க,” என்றாள் பெருமாயி. “எருமப்பட்டிலிருந்து எங்கண்ணன் வந்திருக்குதுங்க. சோறாக்கறதா, களி கிண்டறதான்னு கேக்க வந்தனுங்க. அரிசி கொஞ்சமாத்தான் கிடக்குது.”

சின்னண்ணன் சிரித்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு பேச்சில் சேருமா என்று அவருக்கே சந்தேகம். அங்கமுத்து முகம் சிவந்து, மச்சானுக்குச் சோறு என்பதற்கு அடையாளமாக விரல்களைக் குவித்து வாயருகே காட்டினார். பெருமாயி இறங்கிப் போனாள். ராசப்பன் நாற்காலியை நிமிர்த்தினான். உட்காரவில்லை. உறையை எடுத்துக்கொண்டு மாதையனைப் பார்த்தான். மாதையன் மெதுவாக ஏழு விரலை விரித்துக் காட்டினார். அவருக்கு மனசில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் விரல் ஏழுதான்.

ராசப்பன் படியிறங்கினான். இன்றைக்குப் புதன். வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள், பத்து மணிக்குத் தபால் கட்டுவார்கள். வீட்டில் தனியாக உட்கார்ந்து அவனால் முடியாது. அது அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஒரு களிக்கும் சோற்றுக்குமாக மாடி போயிற்று. ரோட்டில் நடந்தபோது வருத்தம் வரவில்லை. பெருமாயி என்ன சொல்ல வந்தாள் என்று தெரிந்துவிட்டது. அது ஒன்றுதான் திரும்பத் திரும்ப வந்தது.

அன்றைக்கு முழுதும் மேசையில் உட்கார்ந்து பார்த்தான். நான்கு நிமிஷம், கொல்லை. நான்கு நிமிஷம், கொல்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டு மாரக்காள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, சோறு பொங்கினீங்களா என்று கேட்டாள். பொங்கினேன் என்றான். இந்த மாரக்காள்தான் அன்றைக்கு வந்து செல்லாயியின் தலையை மடியில் வைத்துக்கொண்டவள். கடைசியாக என்ன சொன்னாள் என்று முதலில் கேட்டவளும் அவள்தான். பிறகு அம்மா கேட்டாள், மாமியார் கேட்டாள், துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். தண்ணீர் கேட்டாள் என்று ராசப்பன் சொன்னான். எல்லோருக்கும் அது போதுமானதாக இருந்தது. மாமியார், என் பொண்ணு தாகத்தோட போகலையே, குடுத்தீங்கல்ல சாமி என்று அழுதாள். கொடுத்தேன் என்றான்.

வியாழக்கிழமை காலை ஆறே முக்காலுக்குப் பூட்டைக் கையில் எடுத்தான். போக இடமில்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பூட்டை வைத்தான். அப்போது கதவைத் தட்டினார்கள். மாதையன் நின்றுகொண்டிருந்தார். கையில் காகிதம் ஒன்றும் இல்லை.

“ஏழு நாள் தடை அந்த மாடிக்குத்தானுங்க தம்பி. உங்க ஊட்டுக்கு யாரும் போடலை,” என்றார். உள்ளே வந்து சுற்றிலும் பார்த்தார். “மணி ஏழாகப் போகுது. உங்க வேலையைச் சொல்லுங்க.”

ராசப்பன் பரணை நிமிர்ந்து பார்த்தான். பிறகு சொன்னான்: “நாலு படி மாவுக்கு எத்தனை தண்ணின்னு கண்டுபிடிக்கறது. உங்க வேலை என்னங்கண்ணா?”

“வேட்டியோட இன்னொரு முனையைப் புடிக்கறது.”

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை.

பரண்மேல் இரண்டு மூட்டை மாவு நான்கு மாதமாகக் கிடந்தது. ராசப்பன் இறக்கினான். மேல் மாவு கட்டியாகியிருந்தது, உடைத்துச் சலித்தான். சல்லடை ஓடுகிற சத்தம் அறைக்குள் கேட்டது. அவன் ஒரு கணம் நிறுத்தினான். மறுபடி ஓட்டினான். மாவை அளந்து முறத்தில் கொட்டினான். ஆழாக்கில் தண்ணீர் எடுத்து, செல்லாயி செய்வதுபோல் விரல் நுனியால் தெளித்தான். இப்போதுதான் அவனுக்கு அவள் செய்தது எதுவுமே சரியாகத் தெரியாது என்று தெரிந்தது. வலது கையால் தெளிப்பாளா, இடது கையாலா? உட்கார்ந்தா, குந்தியா? இரண்டு வருஷம் பத்தடி தூரத்தில் நடந்த காரியம். அவன் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் தடவை ஐந்து ஆழாக்கு. வேட்டியின் இரண்டு முனையை மாதையன் பிடித்தார், இரண்டு முனையை அவன் பிடித்தான். ஆட்டினார்கள். மாவு பறந்து மாதையனின் மீசை வெளுத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆட்டினார். இரண்டாவது தடவை பன்னிரண்டு. வேட்டியோடு அப்பிக்கொண்டது. இரண்டையும் வழித்து ஓரமாகக் கொட்டினான். மூன்றாவது தடவை ஏழாவது ஆழாக்கைத் தெளிக்கிறபோது, அவள் நடுநடுவே ஒரு பிடி மாவை எடுத்து முஷ்டியில் இறுக்கித் திறந்து பார்ப்பாள் என்பது ஞாபகத்துக்கு வந்தது. ஒருநாள் அவன் எழுதாமல் இருந்த நேரத்தில் அதைக் காட்டியுமிருக்கிறாள். புடிச்சா நிக்கோணும், தொட்டா உதிரோணும் என்றாள். அவன், சரி சரி, ஆட்டலாம் வா என்றான். அதை நோட்டில் எழுதவில்லை.

ராசப்பன் ஒரு பிடி எடுத்து இறுக்கினான். திறந்தான். நிற்கவில்லை. ஒரு ஆழாக்கு தெளித்தான். இறுக்கினான். இன்னும் ஒன்று. உள்ளங்கையில் நான்கு விரல் தடமும் பதிந்து ஒரு கட்டி நின்றது. பெருவிரலால் தொட்டான். உதிர்ந்தது. கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது, இரண்டு கையும் மாவு. மாதையன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வேட்டியை விரித்தார்.

ஆட்டினார்கள். மாவு முதலில் சரசரவென்றது. பிறகு அந்தச் சத்தம் மாறிற்று. மணல் சரிவதுபோல், பிறகு கடுகு கொட்டுவதுபோல். வேட்டிக்குள் வெள்ளை வெள்ளையாக மணிகள் ஓடின. இருவரும் நிறுத்தாமல் ஆட்டினார்கள். தோள் கடுத்தது. செல்லாயி ஒருநாளும் கடுக்கிறதென்று சொன்னதில்லை.

ராசப்பன் கையைக் கழுவிக்கொண்டு மேசைக்குப் போனான். நாலு படி மாவுக்கு ஒன்பது ஆழாக்குத் தண்ணீர். அதை இங்கிலீஷ் அளவுக்கு மாற்றி எழுதினான். முஷ்டியில் பிடித்துப் பார்க்கிற முறையையும் நான்கு வரியில் எழுதினான். கீழே கையெழுத்துப் போட்டான். தாளை மடித்தான். மாதையன் முறத்தருகே சம்மணமிட்டு உட்கார்ந்து மணிகளை விரலால் அளைந்துகொண்டிருந்தார். அவன் எழுந்து கொல்லைக்குப் போகவில்லை.

தூரத்தில் ஹாரன் அடித்தது. நீளமாக.

“முடிஞ்சுது,” என்றான் ராசப்பன்.

“முடிஞ்சுது,” என்றார் மாதையன். மீசையைத் தட்டிவிட்டுக்கொண்டார். உறையைத் தானே தபாலில் சேர்த்துவிடுவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். கிளம்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “நேத்து அந்தப் புள்ளை வந்து நின்னப்ப எதுக்குங்க தம்பி எந்திரிச்சீங்க?” என்று கேட்டார். “எல்லாருந்தான் பாத்தோம். நானும் பாத்தேன். எனக்கு எந்திரிக்கத் தோணலை.”

ராசப்பன் சொன்னான். ஐப்பசியில் ஒரு காலை. இதே மேசையில் இதே ஆபீசுக்கு முதல் மனுவை எழுதிக்கொண்டிருந்தான். செல்லாயி கொல்லையில் விறகு எடுக்கப் போனவள் திரும்பி வந்து நிலைப்படியில் நின்றாள். அவன் நிமிரவில்லை, இடது கையைத் தூக்கினான். அவள் நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இரண்டு வரி எழுதுகிற நேரம். பிறகு போய்விட்டாள். அவன் மனுவை முடித்து, ஒருமுறை படித்துப் பார்த்து, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டு எழுந்தபோது பத்து மணி ஆகிவிட்டது. விறகடுக்குக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இமை தொங்கியிருந்தது. அவனைப் பார்த்தாள், வாயை அசைத்தாள், ஒலி வரவில்லை. கணுக்காலில் முள் குத்தினது மாதிரி இரண்டு புள்ளி. கட்டுவிரியன் கடித்தால் முதலில் வலிக்காது என்று ஆஸ்பத்திரியில் பிறகு சொன்னார்கள். முள்ளா வேறெதுவுமா என்று அவனிடம் காட்டிக் கேட்கத்தான் வந்தாளோ, இல்லை வேறு ஏதாவதோ, அது அவனுக்குத் தெரியாது. இனித் தெரியப் போவதுமில்லை.

மாதையன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணி கேட்டதா ஊருக்குள்ள சொன்னாங்களே என்றார்.

கேட்கவில்லை என்றான் ராசப்பன். தண்ணீர் கேட்க அவளுக்குக் குரல் இல்லை. நிலைப்படியிலிருந்து திரும்பும்போது சொன்னதுதான் கடைசி. அவன் பாதி காதில்தான் வாங்கினான். ஆனால் ஒரு சொல்லும் விடாமல் ஞாபகம் இருக்கிறது.

“ஒண்ணும் அவசரமில்லீங்க. நீங்க எழுதி முடிச்சுட்டே வாங்க.”